வீடு யார் பேரில் இருக்கிறது?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை துணை மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்துவிட்டது என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அன்று இரவுக்குள் அந்தக் குரங்குக்கு வாட்ஸ்அப்பில் கிடைத்த புகழ் எந்த அமைச்சருக்கும் கிடைத்ததில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் போஞ்சியையும் கோவாவையும் குரங்குகளுக்குப் பறிகொடுக்காத வீடே கிடையாது. “நம்ம ஊருக் குரங்குகளுக்கு இவ்வளவு தெறமை பத்தாது” என்று பக்கத்து வீட்டு அண்ணன் சிரித்தார்.

சிரித்து முடித்த பிறகும் கரண்ட் ஒழுங்காக வரவில்லை. அந்தத் தடங்கலில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் ஒன்றாக நின்றுவிட்டன. நிலக்கரி நிலையம் நின்றால் நின்றதுதான். நினைத்த நேரத்துக்கு எழுப்ப முடியாது. அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணி நேரம் மின்வெட்டு போட்டார்கள். 300 மெகாவொட் வீதம் மூன்று, ஆக 900 மெகாவொட். சீனக் கடனில் கட்டி, 2011இல் முதல் பகுதியும் 2014இல் மிச்சமும் ஓடத் தொடங்கின. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. குரங்கைப் பற்றிப் பேசிய நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது நிலக்கரியைப் பற்றி நாம் பேசியிருக்கலாம்.

மலையகத்தில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். நுரைச்சோலை இருப்பது புத்தளம் கரையில். நாங்கள் இருப்பது அட்டனுக்கு மேலே. ஆனால் இரண்டையும் கட்டி வைத்திருப்பது ஒரே காற்று. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் புத்தளம் கடல் கொந்தளிக்கும், நிலக்கரிக் கப்பலை இறக்க முடியாது. அதனால் வருடத்துக்குத் தேவையானதை எல்லாம் மற்ற மாதங்களில் இறக்கிக் குவித்து வைக்கிறார்கள். அதே காற்றுத்தான் மலையில் மோதி மழையாகக் கொட்டி காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களை நிரப்புகிறது. மழை பொய்த்தால் லக்ஷபான பக்கத்து நீர்மின்நிலையங்கள் இளைத்துப் போகும், நிலக்கரியும் டீசலும் கூடுதலாக எரியும். எரிவது கூடக் கூட மழை இன்னும் ஒழுங்கு கெடும்.

இந்த மலை மின்சாரத்துக்குக் கொடுத்த விலை பழையது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. வறட்சிக் காலத்தில் தண்ணீர் வற்றும்போது பழைய கோயில் வெளியே தெரியும். பஸ் பஸ்ஸாக வந்து செல்பி எடுப்பார்கள். எங்கள் அம்மாயி அதைப் பார்க்கப் போகவே மாட்டார். அந்தக் கோயிலில் அவருக்குக் காது குத்தினார்களாம். தலவாக்கலையில் 150 மெகாவொட் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தபோது சென் கிளேயர் அருவி மெலிந்தது. அந்த மின்சாரக் கம்பிகள் போகும் வழியில் இருக்கும் லயங்களில் பல வருடம் குப்பிலாம்புதான் எரிந்தது.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறோம். இரண்டு ஆசிரியைகள் (நான் ஒருத்தி), ஓர் ஆட்டோ ஓட்டும் தம்பி, தோட்டத்து மாதர் சங்கத்து அக்காமார் சிலர், ஏ லெவல் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள். பெயர்ப்பலகை கிடையாது. காலநிலை பற்றிப் பேசுகிறோம் என்று சொன்னால் கொழும்பில் கைதட்டுவார்கள். லயத்தில் சொன்னால் “அதுக்கு என்னா தருவாங்க?” என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. எத்தனையோ பேர் வந்து படம் எடுத்து, பெயர் எழுதி, பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய தடை 2022, எரிபொருள் தட்டுப்பாடு வந்த வருடம். எண்ணெய்க் கம்பனிகளை எதிர்க்க வேண்டும் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? டீசலுக்காக இரவெல்லாம் வரிசையில் கிடந்தவரிடமா? அந்த வருடம் ஏப்ரல் 19ஆம் திகதி, மலையேறும் ரயில் பாதையின் அடிவாரத்தில் இருக்கும் ரம்புக்கனையில், எரிபொருள் விலையை எதிர்த்து மறியல் செய்தவர்கள்மீது பொலிஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது. மண்ணெண்ணெய் என்பது லயத்தில் என்ன என்று டவுன்காரர்களுக்குத் தெரியாது. அடுப்புக்கு மிலாறுதான் விறகு. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைத் தலையில் சுமந்து வந்து கூரைக்குக் கீழே அடுக்கி வைப்பார்கள். அடைமழைக் காலத்தில் அது ஊறிப்போனால் ஒரு மூடி மண்ணெண்ணெய் ஊற்றாமல் பற்றாது. அந்த ஒரு மூடிக்குக் கணக்குப் பார்த்த வீடுகள் இங்கே உண்டு. எண்ணெய் இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அந்த வருடம் நாங்கள் பார்த்துவிட்டோம். அதை ஓர் இலட்சியம் என்று யாரும் எங்களிடம் விற்க முடியாது.

ஆனால் அதே 2022இன் கணக்கை மறுபக்கமும் பார்க்க வேண்டும். உக்ரைன் போரில் மசகு எண்ணெய் பீப்பாய் 100 டொலரைத் தாண்டியது. வாங்க எங்களிடம் டொலர் இல்லை. அந்த வருடம் எக்ஸான்மொபில் கம்பனியின் லாபம் ஏறத்தாழ 56 பில்லியன் டொலர். ஷெல்லுக்கு 40 பில்லியனுக்குக் கிட்ட. இரண்டும் அந்தக் கம்பனிகளின் வரலாற்றிலேயே உச்சம். நாங்கள் வரிசையில் நின்றதும் அவர்கள் சம்பாதித்ததும் ஒரே சந்தையில் நடந்த ஒரே வியாபாரம். ஜனாதிபதி கோட்டாபய ஓடினார், நல்லது. இந்த வியாபாரம் எங்கும் ஓடவில்லை.

ஒரு காலத்தில் இந்த நாடு ஷெல்லையும் எஸ்ஸோவையும் கால்டெக்ஸையும் எதிர்த்து நின்றது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வந்தது, அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் அந்தக் கம்பனிகளின் எண்ணெய் வியாபாரம் அரசுக்குப் போனது. கோபத்தில் அமெரிக்கா 1963இல் உதவியை நிறுத்தியது. இதைப் படிக்கும்போது எனக்கும் மயிர் கூச்செறியும். ஆனால் அதே பிரதமர் சிறிமாவோ அம்மையாரின் அரசாங்கம்தான் 1964 ஒக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியுடன் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று இந்திய வம்சாவளித் தமிழரான எங்களைப் பங்கு போட்டது. எண்ணெய்க் கம்பனியை எதிர்க்கும் அரசு எங்கள் பக்கம் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப எங்களால் முடியாததற்கு இப்படிக் காரணம் இருக்கிறது.

டித்வா புயல் வந்தது 2025 நவம்பர் கடைசியில். 28ஆம் திகதி அது நாட்டைக் கடந்தது. பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை என்று மலை மலையாகச் சரிந்தது. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு ஒரு கிழமைக்கு முன்னர், 22ஆம் திகதிதான், பிரேசிலின் பெலேம் நகரில் ஐ.நா. காலநிலை மாநாடு முடிந்திருந்தது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவைக் கைவிட ஒரு வழித்திட்டம் வேண்டும் என்று 80க்கும் மேற்பட்ட நாடுகள் கேட்டன. இறுதித் தீர்மானத்தில் அந்தப் பெயர்களே இல்லை.

மழை ஓய்ந்து பாதை திறந்த பிறகு, பாலர் பாடசாலைக் கட்டிடத்தில் ஒரு ஞாயிறு காலை கூடினோம். கிழமை நாளில் வைத்தால் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும். ஒரு பேர் போனால் அந்தக் கிழமைக் கடைக்கடன் இடிக்கும். சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் பெரியவர்கள் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். காற்று ஒரு பாகை சூடேறினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும், அதனால்தான் மழை இப்படிக் குடம் குடமாய்க் கொட்டுகிறது என்று நான் விளக்கினேன். அப்புறம் எக்ஸான் கதை. 1977 ஜூலையில் அந்தக் கம்பனியின் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எண்ணெயும் நிலக்கரியும் எரிவதால் பூமி சூடாகும் என்று மேலிடத்துக்கே எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு அவர்களுடைய விஞ்ஞானிகள் போட்ட கணக்குகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன என்று 2023இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தெரிந்துகொண்டே பல வருடம் சந்தேகம் கிளப்பினார்கள்.

1977 என்றதும் பின்வரிசையில் இருந்த பழைய தோட்டத் தலைவர் ஒருவர் நிமிர்ந்தார். “அந்த வருசந்தானே டெவன்ல சிவனு லெட்சுமணன சுட்டாங்க.” ஆமாம். 1977 மே மாதம். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாட்களுக்குக் கொடுக்க வந்தபோது தொழிலாளர்கள் மறித்தார்கள், டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் தொழிலாளி லெட்சுமணன் இறந்தார். ஜேம்ஸ் பிளாக் தன் மேலதிகாரிகளிடம் பேசியது அதற்கு இரண்டு மாதம் கழித்து. அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்போது மாதர் சங்கத்து அக்கா ஒருவர் கையைத் தூக்கினார். வயது அறுபதுக்கு மேல், கொழுந்து எடுத்து எடுத்து விரலில் கறை ஏறிப்போனவர். “அது சரி டீச்சர். சம்பளம் கொறஞ்சா தொர பங்களாவுக்குப் போவோம். தண்ணி வரலன்னா ஆபீசுக்குப் போவோம். இந்த எண்ணெக் கம்பெனிக்காரன்கிட்ட எப்படிப் போறது? அவன் எங்க இருக்கான்?”

இதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. பெரு நாட்டு மலைக்காரர் ஒருவரின் கதை. சாவுல் லூசியானோ லியுயா. அந்தீஸ் மலையில் உவாராஸ் என்ற ஊர். விவசாயி, மலையேறுகிறவர்களுக்கு வழிகாட்டியும்கூட. அவருடைய ஊருக்கு மேலே பனிப்பாறை உருகி ஓர் ஏரி பெருத்துக்கொண்டே போகிறது. உடைந்தால் ஊர் போய்விடும். அவர் 2015இல் நேராக ஜெர்மனிக்குப் போய் ஆர்.டபிள்யூ.ஈ. என்ற மின்சாரக் கம்பனிமீது வழக்குப் போட்டார். நிலக்கரி எரித்து வளர்ந்த கம்பனி. பெருவில் அது ஒரு மின்நிலையம்கூட நடத்தியதில்லை. ஆனால் உலகம் முழுவதும் தொழில்துறை விட்ட கரியமில வாயுவில் அதன் பங்கு 0.47 சதவீதம் என்று ஒரு கணக்கு இருந்தது. ஏரிக்கு அணை கட்டும் செலவில் அதே 0.47 சதவீதத்தைக் கொடு என்பதுதான் அவர் கேட்டது. அவ்வளவுதான், ஒரு சதம் கூடுதலாகக் கேட்கவில்லை.

பத்து வருடம் இழுத்தது. நீதிபதிகளே உவாராஸ் வரை வந்து ஏரியைப் பார்த்தார்கள். 2025 மே 28ஆம் திகதி, ஹம் நகர மேல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவருடைய குறிப்பிட்ட வீட்டுக்கு வெள்ளம் வரும் ஆபத்து போதிய அளவு இல்லை என்று காரணம் சொன்னது. ஆனால் போகிற போக்கில் ஒன்றை ஒப்புக்கொண்டது: பெருமளவு வாயு விட்ட கம்பனியை, உலகின் இன்னொரு மூலையில் நடந்த பாதிப்புக்குச் சட்டப்படி பொறுப்பாக்கலாம். அவர் தோற்றார், ஆனால் வழி திறந்தது. அதற்கு இரண்டு மாதத்துக்குள், ஜூலை 23ஆம் திகதி, ஹேக்கில் சர்வதேச நீதிமன்றமும் நாடுகளுக்குக் காலநிலையைக் காக்கும் சட்டக் கடமை உண்டு என்று ஒருமனதாகக் கருத்துச் சொன்னது. பசிபிக் தீவுகளின் சட்டக் கல்லூரி மாணவர்கள் 2019இல் தொடங்கிய முயற்சி அது. வனுவாட்டு என்ற குட்டி நாடு எடுத்துச் சென்றது.

நான் ரொம்ப உற்சாகமாகச் சொல்லி முடித்தேன். அந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்டார்: “அந்த வீடு யாரு பேர்ல இருந்திச்சு?”

அவர் பேரில்தான். அந்த வழக்கே அதன்மேல்தான் நின்றது. என் சொத்துக்கு நீ கேடு விளைவிக்கிறாய், நிறுத்து அல்லது பணம் கொடு என்று ஜெர்மன் குடியியல் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. சொத்து இருக்கிறவன்தான் அதைப் பிடிக்க முடியும். கூடத்தில் இருந்தவர்களில் ஒருவரிடமும் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. ஐந்து தலைமுறையாக இருக்கிறோம். நிலம் அரசுடையது, குத்தகை கம்பனிக்கு, லயம் தோட்டத்துக் கணக்கில், நாங்கள் வேலை இருக்கும்வரை காம்பரா என்கிற லயத்து அறையில். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து, எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த இருநூறு வருடத்தை நினைவுகூர்ந்தோம். இருநூறு வருடம் நடந்த காலுக்குக் கீழே இருக்கும் மண் இன்னும் வேறொருவர் பேரில்.

மண் யாருடையது என்பது சரிவு நேரத்தில் உயிர்ப் பிரச்சினை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, போவதற்கு இடம் வரவில்லை. சொந்தக் காணி உள்ளவன் விற்றாவது வேறிடம் போவான், வங்கியில் வைத்தாவது ஒரு அறை கட்டுவான். காம்பராக்காரன் எதை விற்பான்? டித்வாவுக்குப் பிறகு வீடு இழந்தவர்களுக்கு அரசு 50 இலட்சம் ரூபாய் அறிவித்தபோதும் லயத்தில் எழுந்த முதல் கேள்வி, இந்த வீடு யாருடைய வீடாகக் கணக்கில் வரும் என்பதுதான். ஏழு பேர்ச் காணி என்று எத்தனை தேர்தலில் கேட்டிருப்போம்! இந்திய வீடமைப்புத் திட்டத்தில் சில இடங்களில் கிடைத்தது, பல இடங்களில் அடிக்கல்லோடு நின்றது.

அதனால் என் வாதம் இதுதான்: மலையகத்தில் காலநிலைப் போராட்டத்தின் முதல் கோரிக்கை காணி உறுதி. கொழும்பு ஹோட்டல் மண்டபங்களில் நடக்கும் செயலமர்வுகளில் இதைச் சொன்னால் நெளிகிறார்கள். “அது காணிப் பிரச்சினை, இது காலநிலைப் பிரச்சினை, இரண்டையும் குழப்பக் கூடாது” என்று ஒரு இளைஞர் எனக்குப் பொறுமையாகப் பாடம் எடுத்தார். அவருக்குச் சொந்த வீடு இருக்கும் என்று நினைக்கிறேன்.

திருகோணமலைப் பக்கத்துச் சம்பூரைப் பாருங்கள். 2006இல் போரில் விரட்டப்பட்ட மக்கள். அவர்கள் திரும்பி வர முடியாதபடி அந்த மண்ணில் 500 மெகாவொட் நிலக்கரி மின்நிலையம் கட்ட இந்தியாவின் மின் நிறுவனமான என்.டி.பி.சி.யும் நம் மின்சார சபையும் கம்பனி அமைத்தன. சம்பூர்க்காரர்கள் யாரும் காலநிலைக்காகப் போராடவில்லை. எங்கள் காணியைத் தா, எங்கள் கடலைத் தா என்று முகாம்களில் இருந்தபடியே வருடக் கணக்கில் விடாமல் கேட்டார்கள். அதோடு சுற்றாடல் வழக்கும் சேர்ந்தது. 2016 செப்டெம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டதாக அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. 2021இல் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று இலங்கை உலக அரங்கில் உறுதி கொடுத்தபோது எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பாதியாவது சம்பூருக்குப் போயிருக்க வேண்டும்.

நிலக்கரியை எதிர்க்கிறோம் என்பதற்காகப் பச்சை நிறம் பூசிக்கொண்டு வருகிற எதற்கும் தலையாட்ட வேண்டியதில்லை. உமா ஓயா 120 மெகாவொட் நீர்மின் திட்டம். சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்து, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் பிளந்தன. 2017இல் மக்கள் திரண்டு வீதிக்கு வந்தார்கள். மன்னார்த் தீவில் 2025 ஓகஸ்டில் காற்றாலைகளுக்கு எதிராக மீனவர்கள் நின்றார்கள். இவர்களை “அபிவிருத்திக்கு எதிரி” என்று திட்டும் சுற்றாடல்காரர்களையும் எனக்குத் தெரியும். யாரிடமும் கேட்காமல் மண்ணை எடுப்பதில் நிலக்கரிக்கும் காற்றாலைக்கும் என்ன வித்தியாசம் என்று மன்னார்க்காரர் கேட்டால், முதலில் உட்கார்ந்து கேளுங்கள்.

காலம் இலகுவாக இல்லை. அமெரிக்கா பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக 2025 ஜனவரி 20ஆம் திகதி, டிரம்ப் பதவியேற்ற அன்றே அறிவித்தார். மார்ச்சில் குழாய்க் கம்பனி ஒன்று தொடர்ந்த வழக்கில் கிரீன்பீஸ் அமைப்பு 660 மில்லியன் டொலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று வட டகோட்டாவில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி பிறகு அதைப் பாதியாகக் குறைத்தாராம். பாதி என்றாலும் யானை யானைதான். இங்கே பெரிய மாற்றம் வந்தது என்று நம்பித்தான் 2024இல் மலையகமும் நிறையவே வாக்குப் போட்டது. அந்த அரசு பதவிக்கு வந்து சில மாதத்திலேயே, 2025 ஜனவரியில், அம்பாந்தோட்டையில் 3.7 பில்லியன் டொலர் செலவில் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் கட்ட சீனாவின் சினோபெக்குடன் ஒப்பந்தம் போட்டது. இதை விமர்சித்தால், “ஐ.எம்.எஃப். கடனுக்குள்ள நாடு மூச்சு விடத் தவிக்குது, நீங்க வேற” என்று நண்பர்களே கோபிக்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமும் இருக்கிறது, அதுதான் சிக்கல். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இலிருந்து இருக்கிறது. பேஸ்புக்கில் ஒரு வரி எழுதுவதற்கு முன் பிள்ளைகள் யோசிக்கிறார்கள். 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றித் தமிழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தோட்டத்துக்குள்ளே பயம் வேறு மாதிரி. அதற்குச் சட்டம் தேவைப்படாது. கூட்டத்துக்கு வந்தவரின் மகனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கிடைக்கவிருந்த வேலை கிடைக்காமல் போகும். தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறோமே என்று தலைவரிடம் போனால், அவர் எந்தக் கட்சி என்று பார்த்துத்தான் பேச வேண்டும். இருந்தும் சங்கம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 1940இல் முல்லோயாவில் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்ட நாளிலிருந்து எங்களுக்கு எது கிடைத்திருந்தாலும் கூட்டமாகப் போய்க் கேட்டதால்தான் கிடைத்தது. ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்கு எத்தனை வருடம் கத்தினோம்! ஆளைத் தெரிந்துவைத்து, கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, விடாமல் கேட்பது. எண்ணெய்க் கம்பனிக்கும் அதே வழிதான் என்று நினைக்கிறேன்.

இப்போதைக்கு என்ன செய்கிறோம்? முதலாவது, கான் எனப்படும் வடிகால்களின் துப்புரவு. வெள்ளைக்காரன் காலத்தில் மலைக்குக் குறுக்கே வெட்டிய கான்களில் தண்ணீர் பிரிந்து போகும், மண் நிற்கும். முன்பெல்லாம் கான் வெட்ட என்றே ஆட்கள் இருந்தார்கள். செலவைக் குறைக்கிறோம் என்று கம்பனிகள் அதைத்தான் முதலில் நிறுத்தின. தூர்ந்துபோன கானில் தேங்கிய தண்ணீர் நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. லயத்துக்கு மேலே உள்ள மூன்று கான்களைப் பிள்ளைகள் மண்வெட்டியோடு போய் வெட்டிவிட்டார்கள். வெளிக்கள உத்தியோகத்தர் வந்து, “யாரைக் கேட்டு கம்பனிக் காணியில் வெட்டினீர்கள்?” என்று சத்தம் போட்டார். அப்புறம் அவரே நின்று, நாலாவது கானில் எந்த இடம் அடைத்திருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனார். அவரும் அதே மலைக்குக் கீழேதான் படுத்து எழும்புகிறார்.

இரண்டாவது, மழை அளக்கிறோம். இரண்டு லீற்றர் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி, கவிழ்த்து, புனலாக்கி அதன்மேலேயே செருகவேண்டும். போத்தலின் அடி வளைந்திருப்பதால் அளவு பிழைக்கும். அதற்குக் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பள்ளிக்கூட ஸ்கேலின் பூச்சியம் வருமாறு ஒட்டினோம். காலை எட்டு மணிக்கு எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி பார்த்துக் கொப்பியில் எழுதுகிறாள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் கிளம்ப வேண்டும். எங்கே கிளம்புவது என்பதற்குக் கோயில் மண்டபச் சாவி யார் வீட்டில் இருக்கும் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். இதெல்லாம் எந்தக் கம்பனியையும் வீழ்த்தப் போவதில்லை, தெரியும். ஆனால் கொப்பியில் திகதி போட்டு எழுதிய கணக்கு பிறகொரு நாள் எந்த மேசையிலும் வைக்கலாம். லியுயாவின் வழக்கும் அளந்த கணக்கை வைத்துத்தான் நடந்தது.

மூன்றாவது, கடிதம். பிரதேச செயலாளருக்கும் கம்பனிக்கும் ஒரே கடிதம். லயத்துக்கு மேலே உள்ள சரிவை ஆய்வு செய்ய வேண்டும், ஆபத்தில்லாத இடத்தில் காணி ஒதுக்க வேண்டும், கணவன் மனைவி இருவர் பேரிலும் உறுதி தர வேண்டும் என்று மூன்று பந்தி. நாலாவது பந்தியில்தான் சண்டை வந்தது. இந்த மழை தானாகப் பெய்ததல்ல, நிலக்கரியும் எண்ணெயும் விற்றுப் பணம் சேர்த்த கம்பனிகளுக்கும் இதில் பங்கு உண்டு, எங்கள் இழப்புக்கு அரசு அவர்களிடமும் நட்டஈடு கேட்க வேண்டும், புதிதாக எண்ணெயில் முதலிடுவதை நிறுத்த வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். ஆட்டோத் தம்பி எதிர்த்தான். “அக்கா, இத வாசிச்சா சிரிச்சிட்டுக் கடுதாசிய மூடி வெச்சிருவாங்க. காணியும் போயிரும்.” அவன் சொன்னதில் உண்மை இருந்தது. சம்பூர்க்காரர்களும் காணியை மட்டும்தானே கேட்டார்கள் என்று என் உதாரணத்தையே என்மேல் திருப்பிப் போட்டான். வாக்கெடுப்பு வரை போனது. விரலில் கறை ஏறிய அந்த அக்கா, “சம்பளக் கூட்டத்துல கேக்கிற தொகயக் கூட்டித்தான் கேப்போம், கொறைச்சுக் கேட்டா கொறச்சுத்தான் தருவான்” என்று சொல்லி என் பக்கம் கையைத் தூக்கினார். நாலாவது பந்தி இருக்கட்டும் என்று முடிவானது, ஆனால் ஐந்து வரியை இரண்டாக்கினோம்.

பிரதேச செயலகத்திலிருந்து கிராம உத்தியோகத்தர் வழியாகப் பதில் வந்திருக்கிறது. சரிவை ஆய்வு செய்யச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். காணி விசயம் கம்பனியைச் சார்ந்தது என்கிறார்கள். கம்பனியைக் கேட்டால் அது அரசைச் சார்ந்தது என்கிறது. நாலாவது பந்தியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு கூட்டத்தில், நட்டஈடு கேட்கும் பகுதியை மட்டும் தனியாக எடுத்து யாருக்கு அனுப்புவது என்று பேசப் போகிறோம். சட்டம் படித்த பிள்ளைகள் யாராவது மேல் மலைப்பக்கம் வர முடிந்தால் வாருங்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஆட்டோத் தம்பி ஏற்றிக்கொண்டு வருவான், பெற்றோல் காசு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.